குடிவந்தவன் குற்றவாளியா?

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் எலெக்ட்ரிக்கல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் செயலாளர் அண்ணன் என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "சாப்பாட்டுக்கு அப்புறம் உன் பேச்சு. டிரான்ஸ்ஃபார்மர் பற்றிப் பேசினா எல்லாரும் தூங்கிடுவாங்க. தூக்கம் வராத மாதிரி ஏதாவது பேசுப்பா" என்றார். தூக்கம் வராமல் இருக்க ஒரே வழி கொலைக் கதைதான். அதனால் இன்றைக்கு ஒரு கொலைக் கதை சொல்லப் போகிறேன். அதில் காதலும் உண்டு. ஆனால் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. ஊமைப் படம்.

படத்தின் பெயர் 'தி லாட்ஜர்'. நம்ம பாஷையில் சொன்னால், வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்குகிற ஆள். 1926இல் லண்டனில் எடுக்கப்பட்டு, 1927 பிப்ரவரியில் தியேட்டர்களுக்கு வந்தது. தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது 1931இல். அதற்கும் நான்கு வருஷம் முந்தைய சமாச்சாரம் இது. இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். 'சைக்கோ', 'வெர்டிகோ' எடுத்த அதே ஹிட்ச்காக்தான். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

சினிமாக்காரரைப் பற்றி இன்ஜினியரிங் கல்லூரியில் பேசலாமா என்று எங்கள் பழைய எச்.ஓ.டி. அங்கே உட்கார்ந்து யோசிப்பது எனக்குத் தெரிகிறது. சார், ஹிட்ச்காக் நம்ம ஆள்தான் சார்! லண்டனில் பாப்லர் என்ற பகுதியில் இருந்த இன்ஜினியரிங் மற்றும் கப்பலோட்டும் கலைப் பள்ளியில் படித்தவர். 1914இல் அவருடைய அப்பா இறந்து போனார். குடும்பச் சூழ்நிலையில் ஹென்லி என்கிற மின்சாரக் கேபிள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த இடத்துக்கு என்ன சைஸ் கேபிள், எத்தனை தூரம், என்ன செலவு என்று எஸ்டிமேட் போடும் வேலை. நான் இன்றைக்கு வயிறு வளர்க்கிற வேலையும் ஏறக்குறைய இதேதான். அந்தக் கம்பெனி 1919இல் ஊழியர்களுக்காக ஒரு பத்திரிகை ஆரம்பித்தது. அதில் அவர் குட்டிக் குட்டிக் கதைகள் எழுதினார். கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டால் ஓடி ஒளிகிற தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

பிறகு ஓர் அமெரிக்கக் கம்பெனி லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில் ஸ்டூடியோ திறந்தபோது, ஊமைப் படங்களுக்கு நடுநடுவே வருகிற எழுத்து அட்டைகளை வரைந்து கொடுக்கப் போனார். அங்கிருந்து கலை இயக்கம், உதவி இயக்கம், ஜெர்மனிக்குப் போய் முர்னவ் போன்ற மேதைகள் படமெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தது என்று படிப்படியாக வளர்ந்தார். 'லாட்ஜர்' அவருடைய மூன்றாவது படம். ஆனால் பிற்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில், இதைத்தான் உண்மையான முதல் ஹிட்ச்காக் படம் என்று அவரே கருதினார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

லண்டனில் மூடுபனிக் காலம். படத்தின் முதல் காட்சியே வாய் திறந்து அலறும் ஒரு பெண்ணின் முகம்தான். பொன்னிறத் தலைமுடி. அவளைக் கொன்றவன் ஒரு சீட்டை விட்டுவிட்டுப் போகிறான். அதில் முக்கோணம் வரைந்து 'பழிவாங்குபவன்' என்று எழுதியிருக்கிறது. இது ஏழாவது கொலை. ஒவ்வொரு கொலையும் செவ்வாய்க்கிழமை இரவில். செத்தவர்கள் எல்லாருமே பொன்னிறத் தலைமுடிக்காரிகள்.

இந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவுவதை ஹிட்ச்காக் காட்டுகிற விதம் இருக்கிறதே, அதை ஒரு கம்யூனிகேஷன் பாடமாகவே நடத்தலாம். நிருபர் போனில் சொல்கிறார். டெலிபிரிண்டரில் செய்தி ஓடுகிறது. அச்சு இயந்திரம் சுழல்கிறது. பத்திரிகை வண்டி கிளம்புகிறது. அந்த வண்டியின் பின்பக்கம் இரண்டு ஜன்னல்கள். உள்ளே இருப்பவர்களின் தலைகள் வண்டி ஆடும்போது இடமும் வலமும் அசைவது, இரண்டு கண்கள் உருள்வது போலவே தெரியும். பிறகு ரேடியோ. பிறகு விளக்கு எழுத்துக்கள். கடைசியில் தெருவில் நிற்கிற ஆட்கள். இப்போது இந்த வேலையை வாட்ஸ்ஆப் செய்கிறது. வேகம்தான் கூடியிருக்கிறதே தவிர, கடைசி முனையில் நிற்கிற ஆளின் பயம் அப்போதும் இப்போதும் ஒன்றுதான்.

அந்தச் செய்தி வந்து சேரும் வீடுகளில் ஒன்று பண்டிங் தம்பதியினுடையது. நடுத்தரக் குடும்பம். மகள் டெய்சி துணிக்கடையில் புது உடுப்புகளை அணிந்து காட்டும் மாடல். அவளுக்கும் பொன்னிறத் தலைமுடி. அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு ஜோ என்ற துப்பறியும் போலீஸ்காரன் தினமும் அந்த வீட்டுக்கு வந்து போகிறான். அம்மா சமையலறையில் மாவு பிசையும்போது, அந்த மாவில் இதயம் போல வெட்டி டெய்சிக்குக் கொடுக்கிறான். அவள் அதைத் திருப்பி வீசிவிடுகிறாள். காதல் விவகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்து போகும், இல்லீங்களா?

அன்று ராத்திரி வாசல் கதவு தட்டப்படுகிறது. வீட்டிலே கேஸ் விளக்கு மங்குகிறது. அம்மா கதவைத் திறந்தால் மூடுபனிக்கு நடுவே ஓர் உருவம். உயரமான ஆள், கறுப்புக் கோட்டு, பாதி முகத்தை மறைத்துக் கம்பளித் துண்டு. கொலைகாரனைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சி என்ன அடையாளம் கொடுத்தாளோ, அப்படியே அச்சாக. "வாடகைக்கு ரூம் இருக்கா?" என்று கேட்கத்தான் அந்த ஆள் வந்திருக்கிறார்!

நம் ஊரில் பேச்சிலர் என்று சொன்னாலே வீடு கொடுக்க மாட்டார்கள். நம்மில் பாதிப் பேர் அந்தக் கஷ்டத்தை அனுபவித்தவர்கள். இந்த மனுஷன் அதற்கெல்லாம் வழியில்லாமல் வாடகையை முன்பணமாகவே எடுத்து நீட்டிவிடுகிறார். மாடி அறை அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

இதிலிருந்து படம் ஒவ்வொரு ஆதாரமாக அடுக்கிக்கொண்டே போகிறது. அறையில் பொன்னிறக் கூந்தல் பெண்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. அவற்றை எடுத்துவிடச் சொல்கிறார். ஒரு பையை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். இரவெல்லாம் தூங்காமல் மேலும் கீழும் நடக்கிறார். செவ்வாய் இரவு யாருக்கும் தெரியாமல் படியிறங்கி வெளியே போகிறார். அன்றைக்குப் பக்கத்திலேயே ஒரு கொலை நடக்கிறது. டெய்சியோடு சதுரங்கம் ஆடும்போது குனிந்திருக்கும் அவள் தலையைப் பார்த்துக்கொண்டே கணப்பு கிளறுகிற இரும்புக் கம்பியைக் கையில் எடுக்கிறார். நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. மனுஷன் நெருப்பைத்தான் கிளறுகிறார்!

அவர் மாடியில் நடக்கும் காட்சியை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஊமைப் படத்தில் காலடிச் சத்தத்தை எப்படிக் காட்டுவது? கீழே குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. முதலில் மேலே தொங்கும் விளக்கு ஆடுகிறது. எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அடுத்த கணம் கூரையே கண்ணாடியாக மாறி, மேலே நடக்கிற மனிதனின் உள்ளங்காலை நாம் கீழிருந்து பார்க்கிறோம். இதற்காக ஓர் அங்குலக் கனத்தில் கண்ணாடித் தளம் ஒன்றைச் செய்து, அதன் மேல் நடிகரை நடக்கவிட்டு எடுத்திருக்கிறார்கள். ஒலியை நேராக அளக்க முடியவில்லை என்றால், அது உண்டாக்கும் அதிர்வைக் கண்ணால் பார்க்கிற மாதிரி செய்துவிடு என்பதுதான் இதிலுள்ள யோசனை. கேபிள் கம்பெனியில் எஸ்டிமேட் போட்ட மூளை வேலை செய்வது தெரிகிறதா?

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது.

இதுவரை அடுக்கிய ஆதாரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று, 'இந்த ஆள் கொலைகாரன்'. இன்னொன்று, 'இந்த ஆள் கொலைகாரனைத் தேடுகிறவன்'. ஒவ்வோர் ஆதாரமும் எந்தக் கட்டத்தில் பொருந்துகிறது என்று டிக் போட்டுப் பாருங்கள். இரண்டு கட்டத்திலும் டிக் விழும்! கொலைகாரனும் செவ்வாய் இரவில் வெளியே போவான். அவனைத் தேடுகிறவனும் செவ்வாய் இரவில்தான் வெளியே போக வேண்டும். கொலை நடந்த இடங்களைக் குறித்த வரைபடம் அந்த அறையில் கிடைக்கிறது. அதே மாதிரி வரைபடம் போலீஸ்காரர்களிடமும் இருக்கிறது. போலீஸ் கையில் இருந்தால் அது புலனாய்வு. குடிவந்தவன் கையில் இருந்தால் அது குற்றத்துக்குச் சாட்சி.

உண்மை என்னவென்றால், அந்தக் கொலைகாரனுக்கு முதல் பலியானவள் இவருடைய தங்கை. ஒரு நடன விருந்தில் அண்ணனோடு ஆடிக்கொண்டிருந்தவள். யாருடையது என்று தெரியாத ஒரு கை சுவிட்சை அணைக்கிறது. விளக்கு வரும்போது அவள் பிணமாகக் கிடக்கிறாள். அவனைக் கண்டுபிடிக்காமல் விட மாட்டேன் என்று மரணப் படுக்கையில் இருந்த தாயிடம் வாக்குக் கொடுத்துவிட்டு இவர் அலைகிறார். பைக்குள் இருந்த துப்பாக்கி, பத்திரிகைத் துண்டுகள், ஒரு பெண்ணின் போட்டோ எல்லாம் அதற்காகத்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தப் படத்துக்கு மூலம் மேரி பெல்லாக் லௌண்ட்ஸ் என்ற எழுத்தாளர் 1913இல் எழுதிய நாவல். 1888இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியை நடுங்க வைத்து, கடைசிவரை பிடிபடாமலே போன 'ஜாக் தி ரிப்பர்' கொலைகளை வைத்து எழுதப்பட்டது. அந்த நாவலில் குடிவந்தவர்தான் கொலைகாரர்! 1944இல் ஹாலிவுட்டில் இதே கதையை மறுபடி எடுத்தபோதும் அவரே கொலைகாரர். ஹிட்ச்காக் படத்தில் மட்டும் ஏன் நிரபராதி? அந்த வேடத்தில் நடித்த ஐவர் நொவெல்லோ அன்றைய இங்கிலாந்தின் கனவு நாயகன். பாட்டும் எழுதுவார், மேடையும் ஏறுவார், பெண்கள் கூட்டம் மொய்க்கும். அப்படிப்பட்ட ஸ்டாரைக் கொலைகாரனாகக் காட்ட முடியாது. அவர் இருளில் நடந்து மறைய, குற்றவாளியா இல்லையா என்று நமக்குத் தெரியாமலேயே படம் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் ஹிட்ச்காக்கின் ஆசை. அது நடக்கவில்லை.

அதாவது, அதே மூடுபனி, அதே நடை, அதே பூட்டிய அலமாரி. கடைசிப் பத்து இருபது நிமிஷத்தை மாற்றினால் போதும், தெய்வம் போன்ற அண்ணன் தூக்கில் தொங்க வேண்டிய கொலைகாரனாக மாறிவிடுவான். இரண்டு முடிவுக்கும் சமமாகப் பொருந்துகிற ஆதாரம் ஆதாரமே கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் செய்து காட்டியதில்லை.

இப்போது காதலுக்கு வருவோம். கொலைக் கதையில் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளத்தானே காதல் என்று நினைக்காதீர்கள். இந்தப் படத்தில் விசாரணையைத் திசை திருப்புவதே காதல்தான்.

ஜோ விளையாட்டாக ஒருமுறை டெய்சியின் கையில் விலங்கு மாட்டுகிறான். அவள் பயந்து போகிறாள். அந்த ஆளின் அன்பு எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். டெய்சியின் மனம் மெல்ல மாடிக்காரர் பக்கம் சாய்கிறது. ஒருநாள் தெருவிளக்கின் கீழே ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்பதை ஜோ பார்த்துவிடுகிறான். சண்டை. டெய்சி, "உனக்கும் எனக்கும் இனிமே ஒண்ணும் கிடையாது" என்கிற மாதிரி முடித்துக்கொண்டு போய்விடுகிறாள். ஜோ அதே பெஞ்சில் தனியாக உட்காருகிறான். தரையைப் பார்க்கிறான். சேற்றில் அந்த மனிதரின் காலடித் தடம். அந்தத் தடத்துக்குள்ளே ஒவ்வொரு காட்சியாக அவனுக்குத் தோன்றுகிறது. அகற்றப்பட்ட படங்கள், ஆடிய விளக்கு. டக்கென்று முடிவுக்கு வருகிறான்: இவன்தான் கொலைகாரன்!

கவனியுங்கள். இந்த விவரம் எதுவும் புதிது கிடையாது. நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது. இன்றைக்கு என்ன புதிதாக நடந்தது? காதலி கைவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அவன் பொய் சொல்லவில்லை, ஆதாரத்தைத் திருத்தவும் இல்லை. உண்மையாகவே நம்புகிறான். அதுதான் ஆபத்து. மீட்டர் பொய் காட்டினால் அதை மாற்றிவிடலாம். மீட்டரைப் படிக்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், எத்தனை மீட்டரை மாற்றினாலும் ரீடிங் தப்பாகவே வரும்.

டெய்சிக்கு மட்டும் ஆதாரம் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். அவளும் மனதுக்குப் பிடித்ததால்தான் நம்பினாள். நாவலில் வருகிற ஆள் மாதிரி இருந்திருந்தால் அவள் உயிர் போயிருக்கும். அதனால் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நான் இங்கே உபதேசம் செய்யப் போவதில்லை. ஆனால் அவள் ஒரு காரியம் செய்தாள். விலங்கோடு தப்பி ஓடிய அந்த மனிதரை அதே தெருவிளக்கின் கீழே சந்தித்து, உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டாள். அந்தத் தங்கையின் கதை நமக்கே அப்போதுதான் தெரிகிறது. முழுப் படத்திலும் அவரிடம் அவர் கதையைக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

இது ஏதோ லண்டன் கதை என்று விட்டுவிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொழிற்சாலை விரிவாக்க சைட்டில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஒருநாள் ஸ்டோரில் கணக்குப் பார்த்தபோது செப்புக் கேபிள் நூற்று நாற்பது மீட்டர் குறைந்தது. செப்பு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். யார் எடுத்திருப்பார்கள்? பத்து நிமிஷத்தில் ஊருக்கே பதில் தெரிந்துவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. யாரோடும் சேர மாட்டான். தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு மேலே காம்பவுண்டு ஓரமாக நடப்பதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். அப்புறம் என்ன வேணும்? சாயங்காலமே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

பயிற்சி இன்ஜினியரான எனக்கு ஸ்டோர் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். கேபிள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கேபிளின் மேலுறையில் மீட்டர் கணக்கு வரிசையாக அச்சிட்டிருக்கும். டிரம்மில் மிச்சமிருந்த கேபிளின் முனையில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஸ்லிப் போட்டு வெளியே போன கேபிளின் எண்ணையும் குறித்துக்கொண்டேன். நடுவிலே நூற்று நாற்பது மீட்டர் எண்கள் காணோம். எங்கெல்லாம் அந்த சைஸ் கேபிள் போட்டிருக்கிறார்களோ, அங்கெல்லாம் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், பம்ப் ஹவுஸ் பக்கத்து டிரெஞ்சில் அந்த எண்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அவசரத்துக்கு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஸ்லிப் எழுதவில்லை.

அந்தப் பையனை இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். வெளியே வந்த பிறகு, ஹிந்தி தெரிந்த ஒரு வெல்டரை வைத்துக்கொண்டு, ராத்திரி ஏன் நடந்தாய் என்று விசாரித்தோம். அவன் தங்கியிருந்த தகரக் கொட்டகையில் போன் சிக்னல் கிடைக்காது. காம்பவுண்டு ஓரத்தில் கொஞ்சம் கிடைக்கும். ஊரில் மனைவிக்கு நிறைமாசம். அவ்வளவுதான் சார் விஷயம். இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்க அங்கே ஒரு மொழிகூட யாரிடமும் இல்லாமல் போய்விட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவன் ஊருக்கு ரயில் ஏறிவிட்டான்.

புதிய ஆள், பேசாத ஆள், இரவில் நடக்கிற ஆள். இவை மூன்றும் திருடனுக்கும் பொருந்தும், அப்பனாகப் போகிற ஓர் ஏழைக்கும் பொருந்தும். கேபிள் மேலிருந்த எண் மட்டும்தான் ஒரே ஒரு கட்டத்தில் பொருந்தியது. அந்த மாதிரி ஆதாரத்தைத் தேடுவதுதான் நம் படிப்பு நமக்குச் சொல்லிக் கொடுத்தது.

படத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தப்பி ஓடிய மனிதரும் டெய்சியும் ஒரு மதுக்கடைக்குள் நுழைகிறார்கள். குளிரில் நடுங்குகிறவருக்குக் கொஞ்சம் பிராந்தி வாங்கித் தருகிறாள். விலங்கு மாட்டிய கை கோட்டுக்குள் மறைந்திருக்கிறது. கையை வெளியே எடுக்காமல், அவள் ஊட்டிவிட அவர் குடிப்பதைப் பார்த்து அங்கிருந்தவர்களுக்குச் சந்தேகம். அவர்கள் வெளியேறிய பிறகு விஷயம் தெரிந்துவிடுகிறது. கூட்டம் துரத்துகிறது. ஓடுகிறவர் ஓர் இரும்பு வேலியைத் தாண்டிக் குதிக்கும்போது, விலங்கு கம்பி முனையில் மாட்டிக்கொள்கிறது. சிலுவையில் அறைந்த மாதிரி அந்தரத்தில் தொங்குகிறார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகள், கைகள், கைகள். அடிக்கிறார்கள். வாயில் ரத்தம் வழிகிறது.

அந்த நேரத்தில்தான் போலீசுக்குச் செய்தி வருகிறது. உண்மையான கொலைகாரன் சற்றுமுன் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான்! ஜோவுக்கு உடம்பெல்லாம் பதறுகிறது. யாரைக் குற்றவாளி என்று விலங்கு மாட்டினானோ, அவரைக் காப்பாற்ற அவனே கூட்டத்துக்குள் பாய்ந்து போராடுகிறான். ஜோ கெட்டவன் இல்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். நல்லவர்களும் இப்படிச் செய்வார்கள் என்பதுதான் படம்.

அந்த மனிதர் பிழைக்கிறார். காதலர்கள் சேருகிறார்கள். சுபம். ஆனால் அந்தக் கொலைகாரனை நமக்குக் கடைசிவரை காட்டுவதே இல்லை. ஒன்றரை மணி நேரம் அவனைத் தேடின நமக்கு அவன் முகம்கூடத் தெரியாது. நமக்குத் தெரிந்த முகமெல்லாம் வேலியைச் சுற்றி நின்று அடித்த சாதாரண ஜனங்களின் முகம்தான். நிரபராதியைக் காப்பாற்றியது விசாரணை இல்லை, சட்டம் இல்லை, அவருடைய நல்ல குணம்கூட இல்லை. ஒரு தற்செயல். அந்தச் செய்தி இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால்? நம் நாட்டிலேயே 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற போன் வதந்தியை நம்பி, பல மாநிலங்களில் வழிப்போக்கர்களை அடித்தே கொன்றார்கள். தமிழ்நாடும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. அவர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை.

இந்தப் படத்துக்கே ஒரு கண்டம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்து முடித்ததும் விநியோகஸ்தர் பார்த்துவிட்டு, இது தேறாது என்று அலமாரியில் வைத்துவிட்டார். தயாரிப்பாளர் மைக்கேல் பால்கன் விட்டுவிடவில்லை. ஐவர் மாண்டகு என்ற இளைஞரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் எழுத்து அட்டைகளைப் பெருமளவு வெட்டினார். மிச்ச அட்டைகளை மக்நைட் காஃபர் என்ற ஓவியரை வைத்து வரைய வைத்தார். சில காட்சிகளைத் திரும்ப எடுக்கச் சொன்னார். 1926 செப்டம்பரில் பத்திரிகைக்காரர்களுக்கும் தியேட்டர்காரர்களுக்கும் போட்டுக் காட்டினபோது ஒரே பாராட்டு. அதே வருஷம் டிசம்பரில் ஹிட்ச்காக்குக்கும் அவருடைய உதவி இயக்குநர் அல்மா ரெவிலுக்கும் கல்யாணமும் நடந்தது. ஆக, முதல் பார்வையில் குற்றவாளி என்று தீர்ப்பான படத்தை, இன்னொரு தடவை பொறுமையாகப் பார்த்த ஒருவர் விடுதலை செய்தார். 2012இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் இதைப் புதுப்பித்து, இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள் என்று பழைய சாயங்களை மீட்டு, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நிதின் சாஹ்னியின் இசையோடு வெளியிட்டது. ஹாஸ்டலில் தம்பிகள் ஒருநாள் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் சைட் இன்ஜினியராகப் போவீர்கள். மோட்டார் எரியும், சாமான் குறையும், சில சமயம் ஆளே அடிபடுவார். உடனே ஒரு பெயர் காற்றில் வரும். பெரும்பாலும் அது கடைசியாக வந்தவனின் பெயராக இருக்கும். கையெழுத்துப் போடுகிற இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். அப்போது மூன்று காரியம் செய்யுங்கள். இரண்டு கட்டம் போட்டு டிக் அடித்துப் பாருங்கள். உங்கள் கண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆளிடமே போய், அவன் மொழி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போயாவது, "என்னப்பா நடந்தது?" என்று கேளுங்கள். எழுத்து அட்டைகூட அதிகம் இல்லாத ஓர் ஊமைப் படம் இதைச் சொல்லிவிட்டது. வாயும் காதும் இருக்கிற நாம் செய்ய முடியாதா?

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். யாரும் தூங்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி.